சின்னக் கோளாறுக்கும் வாரண்டி உண்டு: கேட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பின்கதவுக் கண்ணாடி மேலே ஏறும்போது பாதியில் கொஞ்சம் சாய்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டுக்குள் எங்கேயோ ஒரு கரகரப்பு. வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. அதனால் 'அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோம். அடுத்த சர்வீஸ் வரும்போது மறந்துவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் வாரண்டி முடிந்துவிடுகிறது.

எஞ்சின் போனால் யாரும் சும்மா இருப்பதில்லை, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். சின்னச் சின்ன வேலைகளில்தான் நமக்குச் சேர வேண்டியதை விட்டுவிடுகிறோம். எனக்கும் அப்படித்தான் போனது. மேலே சொன்ன சாயும் கண்ணாடி என் வண்டியுடையதுதான். வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது வாயால் சொன்னேன். 'கிரீஸ் போட்டுவிட்டோம் சார்' என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். வாரண்டி முடிந்து சில வாரத்தில் கண்ணாடி கதவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே சொன்ன குறைதானே என்று கேட்டபோது, வண்டியை விடும்போது குறைகளை எழுதும் தாளான பழைய ஜாப் கார்டை எடுத்துக் காட்டினார்கள். அதில் கண்ணாடி பற்றி ஒரு வரிகூட இல்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரை என் காசில்தான் மாற்றினேன்.

அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

முதலில்: புத்தகத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்

வாரண்டிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. முதலில் காலக்கெடு. 'இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது' என்றுதான் ஏறக்குறைய எல்லாரும் எழுதுகிறார்கள். ஆக, நிறைய ஓடும் வண்டிக்குக் காலத்துக்கு முன்பே வாரண்டி தீர்ந்துவிடும். நாள் எண்ணுவது பொதுவாக வண்டி முதன்முதலாகக் கைமாறிய தேதியிலிருந்து. வண்டி தயாரான மாதத்தை வைத்து எண்ணுவதில்லை. ஷோரூமில் டெமோவாக ஓடிய வண்டியை வாங்கியிருந்தால், டெமோவுக்கு இறங்கிய நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கியிருக்கலாம். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, வாரண்டி ஒன்று அல்ல, பல என்பது. வண்டி முழுவதற்குமான அடிப்படை வாரண்டி ஒன்று. எஞ்சின், கியர்பாக்ஸுக்குப் பெரும்பாலும் அதைவிட நீளமான ஒன்று. துருவுக்குத் தனி, பெயிண்டுக்குத் தனி, பேட்டரிக்குத் தனி. டயருக்கு உத்தரவாதம் தருவது வழக்கமாக டயர் நிறுவனம், கார் நிறுவனம் இல்லை. புகை தொடர்பான பாகங்களுக்குச் சில நாடுகளில் சட்டமே நீண்ட காலத்தை வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் அது 8 ஆண்டு அல்லது 80,000 மைல். அடிப்படை வாரண்டி முடிந்தது என்று சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். உங்கள் குறை வேறொரு வாரண்டிக்குள் இன்னும் உயிரோடு இருக்கலாம். எஞ்சின் ஆயில் சீலில் கசிவு என்றால் அது எஞ்சின் வாரண்டியில் வருமா என்று பாருங்கள். பல புத்தகங்களில் வருகிறது.

மூன்றாவது, விலக்குகள் பட்டியல். கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டியது இதை மட்டும்தான்.

உங்கள் குறை எந்த வகை?

சர்வீஸ் சென்டரில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் நிற்கும். வாரண்டி ஈடுகட்டுவது பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைபாட்டை. ஓடி ஓடித் தேய்ந்ததை அது ஈடுகட்டாது. வைப்பர் பிளேடு, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஃபில்டர், சாதாரண பல்பு இவையெல்லாம் தேய்மானப் பட்டியலில் இருக்கும்.

ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே கதை முடிந்துவிடாது. பிரேக் பேட் தேய்ந்து மெலிந்தால் அது தேய்மானம். பேடின் மேற்பொருள் அதைத் தாங்கும் இரும்புத் தகட்டிலிருந்து பிளந்து கழன்று வந்தால், அது செய்நேர்த்திக் குறை. வைப்பர் ரப்பர் கிழிந்தால் உங்கள் செலவு, வைப்பர் மோட்டார் நின்றால் அவர்கள் செலவு. பல்பு ஒருமுறை போனால் போகட்டும். ஒரே பக்கத்துப் பல்பு மூன்று மாதத்தில் மூன்று முறை போனால் கோளாறு பல்பில் இல்லை. ஹோல்டரிலோ வயரிங்கிலோ ஈரம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படி இருந்தால் அது வாரண்டி வேலை. 'பல்பு வாரண்டியில் வராது' என்ற பதிலோடு நின்றுவிடாமல், 'பல்பு ஏன் போகிறது என்று பாருங்கள்' என்று கேளுங்கள்.

ஆயில், கூலன்ட் போன்றவையும் இப்படித்தான். வழக்கமாக மாற்றினால் நம் செலவு. வாரண்டியில் வாட்டர் பம்பை மாற்றும்போது வழிந்து போகும் கூலன்ட் அந்த வேலையின் ஒரு பகுதி, அதற்குத் தனியாகப் பணம் கேட்பது பொதுவாகச் சரியில்லை. பில்லில் இந்த வரியைக் கவனித்துப் பாருங்கள்.

ஷாக் அப்சார்பரில் இன்னொரு நுணுக்கம். அதன் உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு என்றே பல நிறுவனங்கள் சொல்கின்றன. சொட்டாகத் திரண்டோ வழிந்தோ இருந்தால்தான் கசிவு. கையால் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு மட்டுமா, விரல் நனைகிறதா என்று தெரிந்துவிடும். வண்டியை வாங்கி வேலையைப் பதிவு செய்யும் சர்வீஸ் அட்வைசர் 'இது நார்மல்' என்றால், அப்போதே ஒரு படம் எடுத்து, துடைத்துவிட்டு, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சு சுருங்கிவிடும்.

அப்புறம் 'சரிசெய்தல்' என்று ஒரு வகை. கதவு சரியாக அடையாமல் உராய்கிறது, ஹெட்லைட் ஒளி தாழ்ந்து விழுகிறது, வீல் அலைன்மென்ட் ஒரு பக்கம் இழுக்கிறது, பானட் பூட்டு தளர்ந்திருக்கிறது. இதில் பாகம் எதுவும் மாற்றப்படுவதில்லை, திருகி முறுக்கிச் சரிசெய்வதுதான். இதற்கென்று பல நிறுவனங்கள் அடிப்படை வாரண்டியைவிடக் குறுகிய கெடுவையே வைக்கின்றன, பெரும்பாலும் முதல் ஆண்டு மட்டும். புதுவண்டி வாங்கிய முதல் சில மாதங்களில் இந்த வகைக் குறைகளைத்தான் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு வாரண்டி இருக்கிறதே என்று தள்ளிப்போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முன்கண்ணாடியில் விரிசல் விட்டால் கல் பட்டதா, தானாக விட்டதா என்பதே கேள்வி. விரிசல் மேல் பால்பாயிண்ட் பேனா முனையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கல் பட்டிருந்தால் எங்காவது ஒரு சின்னப் பள்ளத்தில் முனை மாட்டும். எங்கும் மாட்டாமல், விரிசல் ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தால் அது அழுத்தத்தால் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வாரண்டியில் கேட்கலாம். கல் பட்டது இன்சூரன்ஸ் விஷயம். எலி கடித்த வயர், வெள்ளநீர் புகுந்தது, தவறான எரிபொருள், இடித்தது எல்லாமே வாரண்டிக்கு வெளியே.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. நீளமான ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்யப்படும் துரு வாரண்டி, தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டை விழுந்தால்தான் பொருந்தும். மேலே தெரியும் துருப்பொட்டுக்குக் கெடு மிகக் குறைவு. பார்த்த உடனே காட்டிவிடுங்கள்.

ஆதாரத்தைத் தயார் செய்வது

சின்னக் குறைகளின் பெரிய தொல்லை, மெக்கானிக் முன்னால் அவை வருவதில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வரும் சத்தம், சர்வீஸ் சென்டரில் மதியம் வராது. அங்கே இருப்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது உண்மையிலேயே கேட்கவில்லை. அதனால் நீங்களே பிடித்துக் கொடுக்க வேண்டும்.

வீடியோ எடுக்கும்போது முதலில் மீட்டர் போர்டைக் காட்டுங்கள். கிலோமீட்டர், நேரம், எச்சரிக்கை விளக்கு ஏதும் எரிந்தால் அது, எல்லாம் தெரியட்டும். அப்புறம் நிறுத்தாமல் குறை வரும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டு போங்கள். வெட்டி ஒட்டாத ஒரே வீடியோவாக இருந்தால் நல்லது. ஓட்டும்போது வரும் சத்தம் என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எடுக்கட்டும், ஓட்டுபவர் எடுக்கக் கூடாது.

கூடவே நாலு வரி எழுதி வையுங்கள். வண்டி சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? எந்த வேகத்தில்? எந்தப் பக்கம் திருப்பும்போது? ஏசி ஓடும்போதா, நிறுத்தியபோதுமா? மழைக்குப் பிறகு மட்டுமா? 'முன்பக்கம் சத்தம் வருகிறது' என்பதை வைத்து யாராலும் எதையும் தேட முடியாது. 'குறைந்த வேகத்தில் வேகத்தடை ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் ஒரே ஒரு டக் சத்தம், நேர்ச்சாலையில் இல்லை' என்றால், அனுபவமுள்ள ஒருவர் சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்க் ராடில் கை வைப்பார். என் வண்டியில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து, நானே ஓட்டி, அதே மாதிரி ஒரு மேட்டில் ஏற்றி இறக்கினேன். இரண்டாவது முறையே தலையை ஆட்டிவிட்டார். பாகம் வாரண்டியில் மாறியது. 'டெக்னீஷியனோடு டெஸ்ட் டிரைவ் போக வேண்டும்' என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஜாப் கார்டு

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஜாப் கார்டு என்பது சர்வீஸ் சென்டரின் உள்வேலைத் தாள் மட்டும் இல்லை. இந்தத் தேதியில், இத்தனை கிலோமீட்டரில், இந்தக் குறையை நீங்கள் சொன்னீர்கள் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அது. வாரண்டி காலத்துக்குள் பதிவான குறை பிறகு மீண்டும் தலைதூக்கினால், வாரண்டி முடிந்திருந்தாலும் பேச உங்களுக்கு இடம் உண்டு. பதிவாகாத குறை நடக்காத குறை.

அட்வைசர் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள். நாம் சொல்வது ஒன்று, அவர் பழக்கத்தில் சுருக்கி அடிப்பது வேறு. 'ஜெனரல் செக்கப்' என்றோ 'நாய்ஸ்' என்றோ மட்டும் அடித்தால், அன்போடு ஆனால் விடாமல் சொல்லுங்கள்: 'நான் சொன்ன மாதிரியே எழுதுங்கள் சார்.' எழுதி முடித்ததும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து. ஒரு பிரதி கையில், இல்லாவிட்டால் போனில் படம்.

ஒவ்வொரு குறையும் தனி வரியில் இருக்கட்டும். நாலு குறையை ஒரே வாக்கியத்தில் அடைத்தால், ஒன்றைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் முடித்ததாக மூடிவிடுவார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: அதே குறைக்கு மறுபடி போகும்போது அதே வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள். முதல்முறை 'கண்ணாடிச் சத்தம்', இரண்டாம்முறை 'ஸ்விட்ச் சரியில்லை', மூன்றாம்முறை 'கண்ணாடி மெதுவாக ஏறுகிறது' என்று பதிவானால், பதிவேட்டில் அவை மூன்று தனித்தனிக் குறைகள். ஒரே குறைக்குப் பலமுறை முயன்றும் தீரவில்லை என்று நிறுவ வேண்டிய நாள் வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. போன முறை ஜாப் கார்டை எடுத்துப் போய், 'இதே வரியைப் போட்டு, மீண்டும் வந்திருக்கிறது என்று சேருங்கள்' எனச் சொல்லிவிடுங்கள்.

'குறை தென்படவில்லை' என்று எழுதித் திருப்பித் தந்தாலும் மனம் தளர வேண்டாம். வாங்கி வையுங்கள். நீங்கள் சொன்னது அதில் இருக்கிறது, அது போதும்.

பணம் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்

குறை வாரண்டிக்குள் வந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதற்கும் கட்டணம் இருக்கக் கூடாது, வராவிட்டால் பரிசோதனைக் கட்டணம் நம்முடையது என்பதே பரவலான வழக்கம். வண்டியை விடும் முன்பே இதைக் கேட்டு, 'என் ஒப்புதல் இல்லாமல் கட்டண வேலை எதுவும் செய்ய வேண்டாம்' என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அவர்கள் பக்கத்து நிலைமையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. வாரண்டி வேலைக்குச் சர்வீஸ் சென்டருக்குப் பணம் கொடுப்பது கார் நிறுவனம். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நேரம் என்று முன்பே வகுத்த கணக்கில்தான் கூலி கிடைக்கும். டேஷ்போர்டுக்குள் ஒரு கரகரப்பைத் தேடி இரண்டு மணி நேரம் போனால் அந்த நேரம் முழுவதும் அவர்களுக்குக் கணக்கில் வராமல் போகலாம். சின்னக் குறைகளில் அவர்கள் ஆர்வம் காட்டாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் குறை வரும் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகச் சொன்னால் அவர்கள் தேடும் நேரம் குறைகிறது, உங்கள் வேலையும் நடக்கிறது.

வண்டி திரும்பி வரும்போது

என்ன பாகம் மாறியது என்று பில்லில் இருக்கட்டும், பூஜ்ய ரூபாய் பில்லாக இருந்தாலும் சரி. வாரண்டியில் மாற்றிய பாகத்துக்கு வழக்கமாக வண்டியின் மீதி வாரண்டிக் காலமே பொருந்தும். காசு கொடுத்து மாற்றியதற்குத் தனி உத்தரவாதம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாரண்டியில் கழற்றிய பழைய பாகம் நிறுவனத்துக்குப் போகும், அதைக் கேட்டால் கிடைக்காது. குறை வந்த அதே சூழலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

வெளியில் சர்வீஸ் செய்திருந்தால்?

'வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ இலவசமாகத் தராமல் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இந்தியாவில் 2014-இல் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையில், வெளிக் கராஜில் வேலை பார்த்ததாலேயே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை வைப்பதைக் கண்டித்தது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளியில் செய்த வேலைக்கும் இந்தக் குறைக்கும் என்ன தொடர்பு?

அதே சமயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், தொடர்பு உள்ள இடங்களும் இருக்கின்றன. கூடுதல் விளக்குக்காகவோ ஸ்டீரியோவுக்காகவோ வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால், அந்தப் பக்கத்து மின்கோளாறுக்கு வாரண்டி மறுக்கப்படும், அதில் நியாயமும் இருக்கிறது. வயரை வெட்டாமல் கப்ளரில் மாட்டும் வகையையே கேட்டு வாங்குங்கள். வெளியில் ஆயில் மாற்றினால், ஆயிலின் கிரேடும் கிலோமீட்டரும் எழுதிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மறுத்துவிட்டால்

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், புத்தகத்தில் எந்த விதியின்படி என்றும் சேர்த்து. இதைக் கேட்ட உடனே பதில் மாறும் இடங்கள் உண்டு. மாறாவிட்டால் அட்வைசரோடு மல்லுக்கட்டாமல் சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல்: வண்டியின் 17 எழுத்து அடையாள எண், ஜாப் கார்டு படங்கள், வீடியோ, மறுப்புக் கடிதம். கோபத்தை எழுத வேண்டாம், தேதிகளை எழுதுங்கள்.

இதே குறை மற்ற வண்டிகளிலும் வருகிறதா என்று தேடுவதும் பயன் தரும். அடிக்கடி வரும் குறைகளுக்கு நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கை அனுப்புகின்றன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இவற்றைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. 'இந்தக் குறைக்குச் சுற்றறிக்கை ஏதும் இருக்கிறதா, பாருங்கள்' என்று கேட்டாலே தேடும் திசை மாறிவிடும். சுற்றறிக்கையும் ரீகாலும் வேறு வேறு. ரீகால் என்பது நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது; அது பாதுகாப்பு தொடர்பானது, வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் செய்து தருவதே வழக்கம்.

வாரண்டி அண்மையில்தான் முடிந்தது, சர்வீஸ் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்றால், 'குட்வில்' அடிப்படையில் பாகத்தின் விலையையாவது ஏற்கும்படி கேட்கலாம். அது உரிமை இல்லை, சலுகை. ஆனால் கேட்காதவருக்குக் கிடைப்பதே இல்லை. இவை தவிர, விற்றவருக்குச் சட்டமே பொறுப்பு வைக்கும் நாடுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவன வாரண்டி எப்படி இருந்தாலும், வணிகர் தனிநபருக்கு விற்ற புதுப்பொருளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு சட்டப்பொறுப்பு. முதல் ஓராண்டில் தெரியும் குறை கொடுத்தபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்.

நீட்டித்த வாரண்டி வாங்கியிருந்தால்

பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு. 'இவை மட்டும் ஈடுகட்டப்படும்' என்ற பட்டியலா, 'இவை தவிர எல்லாம்' என்ற பட்டியலா என்று பாருங்கள். முதல் வகையில் சின்னக் குறைகளுக்கு அநேகமாக இடமில்லை. சத்தம், உராய்வு, டிரிம், ரப்பர் பீடிங் எல்லாம் வெளியே போய்விடும். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரு தொகை ஏற்க வேண்டும் என்ற விதி இருந்தால், அது வேலைக்கா, வருகைக்கா என்று கேளுங்கள். வருகைக்கு என்றால் சின்னக் குறைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொடுப்பது லாபம். வேலைக்கு என்றால் பல சின்ன வேலைகளில் அந்தத் தொகையே வேலையின் விலையைத் தாண்டிவிடும். முன்அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கினால் பல திட்டங்கள் பணம் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசி மூன்று மாதம்

வாரண்டி முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பு போனில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். கிலோமீட்டர் வேகமாக ஏறுகிறது என்றால் இன்னும் முன்னதாக. பாகம் வரவழைக்க நாளாகலாம், ஒரே குறைக்கு இரண்டு முறை போக வேண்டி வரலாம், அதற்கு இந்த இடைவெளி தேவை.

ஒரு மாலை நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். நாலு கண்ணாடிகளையும் ஏற்றி இறக்குங்கள். எல்லாக் கதவுகளையும் சாவியாலும் ரிமோட்டாலும் பூட்டித் திறங்கள். ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் முழுக்க இழுத்து விட்டு, தானாகச் சுருண்டு உள்ளே போகிறதா என்று பாருங்கள். ஏசியைக் குறைந்த வேகத்திலிருந்து அதிக வேகம் வரை ஒவ்வொரு படியாக வைத்துக் கேளுங்கள். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள், ரிவர்ஸ் கேமரா, சென்சார், பின்கண்ணாடி ஹீட்டர், டிக்கியில் இருக்கும் சின்ன விளக்கு வரை தொட்டுப் பாருங்கள். கதவு ரப்பரை விரலால் தூக்கி, அடியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று கவனியுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்டதையெல்லாம் தனித்தனி வரியாக எழுதிக்கொண்டு போய், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியில் உங்களோடு ஒருவரை நிற்க வையுங்கள். டார்ச் அடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம், ஆக்சில் பூட், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் நான்கையும் காட்டச் சொல்லுங்கள். ஈரம் தெரியும் இடத்தைப் படம் எடுத்து, அங்கேயே நின்று ஜாப் கார்டில் ஏற்றிவிட்டு, தேதியும் கிலோமீட்டரும் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.